குட்டைப் பார்க் இருதயராஜ்

திண்டிவனத்தில் எங்கள் பூங்காவைக் குட்டைப் பார்க் என்றுதான் சொல்வோம். பதினோரு வருடமாக அதில் நடக்கிறேன். ஒரு சுற்று வர ஆறு நிமிடம் ஆகிற இடத்துக்கு யார் இப்படிப் பெயர் வைத்தது என்ற கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. கூட நடப்பவர்களுக்குத் தங்கள் சர்க்கரை அளவைத் தவிர வேறு எதிலும் அக்கறை கிடையாது. கடைசியில் தோட்டக்காரர் இருதயராஜைக் கேட்டேன்.

"குள்ளம்னு நெனைச்சிக்கினீங்களா சார்? இது தண்ணி நின்ன குட்டைங்க. மல்லாட்டை மூட்டை ஏத்திக்கினு வர்ற வண்டிமாடெல்லாம் இங்கதான் தண்ணி குடிக்குமாம். எங்கப்பா சொல்லுவாரு."

மல்லாட்டை என்றால் எங்கள் பக்கம் வேர்க்கடலை. இருதயராஜ் கிளியனூர்க்காரர். இருபத்திரண்டு வருடமாக இங்கே வேலை. குட்டையைப் பாதி தூர்த்துப் பூங்கா ஆக்கினார்களாம். அதனால்தான் நடுப்பகுதி தட்டுப்போலக் குழிந்திருக்கிறது. அங்கே அவர் ரோஜா வைப்பதில்லை. தண்ணீரில் நின்றாலும் அழுகாத கல்வாழைதான் வைப்பார். மழைக்காலத்துக்கு முன்பே வாய்க்காலைத் தூர்வாரிவிடுவார். ரோட்டுத் தண்ணீர் முழுக்க உள்ளே வந்து நின்று, இரண்டு மூன்று நாளில் மண்ணுக்குள் இறங்கிவிடும். அதற்கு இங்கே இடமில்லையென்றால் நேரே பின்தெருவுக்குப் போகும். பின்தெருவில் முதல் வீடு அவருடையது.

புரட்டாசியில் பூங்காவைப் புதுப்பிக்கத் திட்டம் வந்தது. நடுக்குழியை மண்கொட்டி மேடாக்கி, கல் பதிக்கப் போகிறார்களாம். வாசலில் ஒட்டியிருந்த தாளில் 'பூங்காவின் பெயருக்கேற்ப முழுவதும் குட்டை ரகச் செடிகள்' என்று இருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இருதயராஜ் சிரிக்கவில்லை.

இந்த வேலைக்கு வந்த என்ஜினீயர் அருணா சென்னையில் வளர்ந்த பெண். அவரிடம் இருதயராஜ் மூன்று முறை சொன்னார்.

"நடுவுல மேடு பண்ணாதீங்க மேடம். இது குட்டைங்க."

"அதுக்குத்தானே குட்டைச் செடியா வைக்கிறோம்" என்று அவர் மூன்று முறையும் சொன்னார். இவரும் தலையாட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் தண்ணீர் வரப்போகிறவன் இவ்வளவு பேச்சோடு நிறுத்திக்கொள்வானா?

மண் லாரி ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து பதினொரு மணிவரை மழை கொட்டித் தீர்த்தது. மழை விட்டதும் அருணா வந்து பார்த்தார். பூங்கா நடுவே முழங்கால் அளவு தண்ணீர்.

"இங்க ட்ரெயினேஜ் எங்க இருக்கு?"

"இதாங்க மேடம் ட்ரெயினேஜு" என்று இருதயராஜ் அந்தத் தண்ணீரைக் காட்டினார்.

அருணா தண்ணீரின் ஓரம்வரை போய்ப் பார்த்தார். "குட்டைன்னா குளம் மாதிரியா?" என்று மெதுவாகக் கேட்டார். நல்லவேளை, கேட்கவாவது தோன்றியதே என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பின்தெருவைப் பார்க்க வேண்டும் என்றார்.

மூன்று பேரும் போனோம். தெரு நனைந்திருந்ததே தவிர, எங்கும் தண்ணீர் நிற்கவில்லை. முதல் வீட்டு வாசலில் இருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாங்க, காலையிலேர்ந்து சாப்பிடக்கூட வரல?"

அருணா இருதயராஜைத் திரும்பிப் பார்த்தார். "இது உங்க வீடா? இத ஏன் மொதல்லயே என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா என் ஊட்டுக்காகப் பேசறேன்னு நெனைச்சிருப்பீங்க மேடம்."

அருணா அங்கேயே ஃபோனை எடுத்து, திங்கட்கிழமை மண் லாரி வரவேண்டாம் என்று சொன்னார்.