தொட்டிலில் கிடந்த ரோபோ

“யார் வீட்டுப் புள்ளைக்கு?”

இந்தக் கேள்வியை இனி யாராவது என்னிடம் கேட்டால் என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு ஒரு சாக்கு நிறைய பிளாக்ஸைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தேன். ஒன்றோடொன்று பொருத்தி வீடு, கார் எல்லாம் கட்டுவார்களே, அந்தப் பிளாஸ்டிக் துண்டுகள்தான். எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் குடும்பத்தோடு பெங்களூருக்குப் போகும்போது தூக்கிப்போட மனசில்லாமல் எனக்குக் கொடுத்தது. கீழ்வீட்டு அக்கா கதவைத் திறந்தார். சாக்கைப் பார்த்துக் கேட்டார். அப்புறம் என் வயிற்றைப் பார்த்தார்.

“விசேஷமா?”

திருநகரில் அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அந்த அக்காவுக்கு என் வயிற்றின் மேல்தான் கண். நான் நாற்பதைத் தொடப்போகிறேன், இன்னும் விட்டபாடில்லை.

“எங்களுக்குத்தாங்க்கா. நானும் அவரும் விளையாட.”

“நீங்களா? என்னமோ போங்க,” என்று கதவைச் சாத்திக்கொண்டார். சாத்திய கதவுக்குப் பின்னால் போனில் யாரிடமோ சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. சாக்கை மடேரென்று எங்கள் வாசலில் போட்டேன்.

விளையாட்டைக் கண்டுபிடித்தது என் வீட்டுக்காரர். பேங்கில் வேலை. ஒரு சாயங்காலம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “ஏம்மா, இங்க பாரேன். எரும மாடு வயசுல நாலு பேரு ரோபோ கட்டிச் சண்ட போடுறாய்ங்க,” என்று காட்டினார். நாங்கள் இரண்டு பேரும் அந்த வீடியோவை மறுபடி மறுபடி பார்த்தோம். வெகுநாளைக்கு அப்புறம் நாங்கள் சேர்ந்து பார்த்த ஒரு பொருள், ஸ்கேன் ரிப்போர்ட்டாக இல்லாமல் வேறொன்றாக இருந்தது.

விளையாட்டு இதுதான். பிளாக்ஸில் உள்ளங்கை உயரத்துக்கு ஆளுக்குச் சில ரோபோக்கள் கட்டிக்கொள்ள வேண்டும். ரோபோவின் மேல் மாட்டுகிற ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலை உண்டு. துப்பாக்கி சுடுவதற்கு, தகடு காப்பதற்கு, சக்கரம் ஓடுவதற்கு, கண்ணாடித் துண்டு எதிரியை வேவு பார்ப்பதற்கு. எது மாட்டியிருக்கிறதோ அதற்கான பகடையை உருட்டலாம். அடி பட்டால் ஒரு துண்டைக் கழற்றிப் போட வேண்டும். எந்தத் துண்டு என்று அடித்த ஆள் சொல்லக் கூடாது. அடி வாங்கியவர்தான் தீர்மானிக்க வேண்டும். நான் கணக்கு டீச்சர், எத்தனையோ விதிகளைப் படித்துச் சலித்தவள். இந்த ஒரு விதியை மட்டும் படித்துவிட்டு, அட, எவ்வளவு மரியாதை தெரிந்த விளையாட்டு என்று நினைத்தேன்.

ஆரம்பத்தில் எங்களுக்கு ஒன்றும் உருப்படவில்லை. நான் கட்டியது நிற்காமல் குப்புற விழுந்தது. அவர் கட்டியதில் கை தொளதொளவென்று ஆடியது. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? நைலான் நூலை எடுத்து ரோபோவின் கையை உடம்போடு சேர்த்துக் கட்டிவிட்டார். இரட்டை முடிச்சுப் போட்டு, மிச்ச நூலை நறுக்கி, நுனியைத் தீக்குச்சியில் காட்டி, உருகியதை விரலால் நசுக்கினார். எங்கள் வீட்டில் கொடிக்கயிறு, ஜன்னல் கொசுவலை, காலண்டர் எல்லாம் இந்த முடிச்சில்தான் தொங்குகிறது. அவிழ்க்கவே முடியாது. அறுக்கத்தான் வேண்டும்.

“கழட்டி வெளையாடுற சாமானப் போய் இம்புட்டு இறுக்கிக் கட்டுனா எப்படிங்க?” என்று கத்தினேன்.

“விழுந்துரும்லம்மா,” என்றார்.

“விழட்டுமே! விழுகத்தான இருக்கு!”

சிரித்தோம். எந்த அறையில் சிரித்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். அந்த அறைக்கு எங்கள் வீட்டில் புள்ள ரூம் என்று பெயர். வீடு வாங்கியபோது என் மாமியார் வைத்த பெயர். இளநீலம் அடிக்கச் சொன்னதும் அவர்தான். வருஷக்கணக்கில் அதில் துணி காயவைக்கிற ஸ்டாண்டையும் பழைய ஃபேனையும் தவிர ஒன்றும் இருந்ததில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகச் செய்துபார்த்த சிகிச்சையிலும் கரு நிற்காமல் போன அன்றைக்கு, ஆட்டோவில் வரும்போது என் வீட்டுக்காரர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, “போதும்மா. இனி ஊசி வேணாம்,” என்றார். நான் அன்றைக்கு அழ ஆரம்பித்தேன். சமைக்கும்போது அழுதேன், கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன், ஸ்கூட்டியில் ஹெல்மெட்டுக்குள் அழுதேன். அப்புறம் ஒரு நாள் நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் அந்த அறையில் மேசை போட்டோம். அது எங்கள் விளையாட்டு அறை. இதைப் புரியவைக்க நான் யார் காலில் விழ வேண்டும்?

என் மாமியார் கோச்சடையில் பெரிய மகன் வீட்டில் இருக்கிறார். கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம். எனக்காக அவர் சுற்றாத அரசமரம் இல்லை. சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றினார், தர்காவில் போய் ஓதி வாங்கிவந்த கயிற்றை என் கையில் கட்டினார். ஒரு வெள்ளிக்கிழமை வந்தவர் மேசையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

“என்னத்தா இது, இம்புட்டுப் பொம்மை?”

“விளையாட்டு அத்தை. ஞாயித்துக்கெழம மொத ஆட்டம்.”

“வெறும் வீட்டுல பொம்மைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாது தாயி.”

வெறும் வீடு! இரண்டு பேர் சம்பாதித்து, சமைத்து, சண்டை போட்டு, சமாதானமாகி வாழ்கிற வீடு இவர்களுக்கு வெறும் வீடு. என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். டம்ளரை டொக்கென்று வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. ஸ்பெஷல் கிளாஸ் முடித்து வந்து பார்த்தால் நெட்டையனைக் காணோம். நெட்டையன் என் ரோபோ. சிவப்பு உடம்பு, ஒரு கை நீளம், முதுகில் பொம்மைக் காரின் கதவைக் கேடயமாக மாட்டியிருந்தேன். நெற்றியில் நீலக் கண்ணாடித் துண்டு. குப்புற விழாமல் முதன்முதலில் நின்றவன் அவன்தான். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், சாக்கைக் கொட்டிப் பார்த்தேன், மிக்ஸி அட்டைப்பெட்டியைக்கூட விடவில்லை.

“எங்கயாச்சும் கெடக்கும். தேடு,” என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

எனக்குப் பொறி தட்டியது. கோச்சடைக்குப் போன் போட்டேன். என் மாமியார் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“செவப்பா, நெட்டையா ஒன்னு, அதத்தான தேடுற? அது இருக்க வேண்டிய எடத்துல இருக்கு. காலைலயே சமயநல்லூர் போயி அம்மன் கோயில் மரத்துல தொட்டில் கட்டியாச்சு. கடையில வாங்குன பொம்மை ஆகாதாம். புருசன் பொஞ்சாதி கைபட்ட பொம்மையாத்தான் இருக்கணும்னு பூசாரி சொல்லிட்டாரு. ஒங்க வீட்டுலதான் வண்டி வண்டியாக் கெடக்கே.”

பிள்ளை வரம் கேட்டு மரத்தில் மஞ்சள் துணித் தொட்டில் கட்டுவார்கள், உள்ளே ஒரு பொம்மையைக் கிடத்துவார்கள். கேடயமும் துப்பாக்கியும் மாட்டிய ரோபோவையா கிடத்துவார்கள்? எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். உச்சந்தலை வரைக்கும் கோபம்தான் வந்தது. என்னைக் கேட்காமல் என் அறைக்குள் புகுந்து, என் கையால் செய்ததை எடுத்துக்கொண்டு போய், நான் மூடிய கதவை ஊரறியத் தட்டுவதற்கு இவர்கள் யார்?

“வண்டிய எடுங்க,” என்றேன் அவரிடம்.

“வேணாம்மா. கட்டுனத அவுக்கக் கூடாது.”

“நீங்க வாரீங்களா, நான் தனியாப் போகவா?”

பைக்கில் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் அவர் அம்மாவைத் திட்டினேன். காளவாசல் சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் திட்டினேன். பரவை தாண்டியும் திட்டு தீரவில்லை. அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற மனுஷன், அன்றைக்கு வாயே திறக்கவில்லை. பயந்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

வயலோரத்தில் தனியாக நிற்கிற வேப்பமரம். கிளை தெரியாமல் தொட்டில்கள். மஞ்சள் துணி வெளுத்தவை, மழையில் கிழிந்தவை, நேற்றுக் கட்டியது மாதிரிப் புதியவை. ஒரு தொட்டிலில் கண் போன பிளாஸ்டிக் பாப்பா. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் என்னை மாதிரி ஒருத்தி இருப்பாள், அவள் வீட்டுக்குக் கீழேயும் ஒரு அக்கா இருப்பார் என்று தோன்றியது. அடுத்த நிமிஷமே மறுபடி எரிச்சல். அவர் என்னைத் தேடவிடவில்லை. நேராக ஒரு கிளைக்கு அடியில் போய் நின்றார்.

நெட்டையன் மல்லாந்து கிடந்தான். நெற்றிக் கண்ணாடியில் குங்குமம். தொட்டிலில் இருந்து விழுந்துவிடாமல் இடுப்பைச் சுற்றி நைலான் நூல். இரட்டை முடிச்சு. நுனி உருக்கி, விரலால் நசுக்கப்பட்டிருந்தது.

நான் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் மாமியாருக்கு முந்தானை முடிச்சைத் தவிர வேறு முடிச்சுத் தெரியாது.

“நீங்களா?”

அவர் தலை குனிந்துகொண்டார்.

“போதும்னு சொன்னது யாருங்க? ஆட்டோல என் கையப் பிடிச்சுக்கிட்டு, போதும்மான்னு சொன்னது யாரு?”

“நான்தான். ஒனக்கு ஊசி வேணாம்னுதான் சொன்னேன்,” என்றார். “எனக்குப் புள்ள வேணாம்னு நான் சொல்லலையே.”

அடப்பாவி மனுஷா! நான் ஒருத்தி தனியாகவா அந்தக் கதவை மூடினேன்? கூட நின்று மூடினார் என்றல்லவா நம்பிக்கொண்டிருந்தேன்? மேசை போட்டது, பகடை வாங்கியது, சிரித்தது எல்லாம் எனக்கு மட்டும்தானா?

“நான் அழுது முடிச்சு எந்திரிச்சுட்டேங்க,” என்று கத்தினேன். கோயில் பக்கம் இருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். “நீங்க அழுகவே இல்ல. ஒரு நாள்கூட அழுகல. அழுதிருந்தா எனக்குத் தெரியாம இங்க வந்து இதக் கட்டியிருக்க மாட்டீங்க. உங்களுக்கு வேணும்னா எங்கிட்டச் சொல்லியிருக்கணும். மரத்துக்கிட்டப் போய்ச் சொல்றீங்க!”

“ஒங்கிட்ட எப்படிம்மா சொல்றது? மறுபடியும் ஊசி போட்டுக்கிறேன்னு கெளம்பிருவ.”

அவர் சொன்னது உண்மை. கிளம்பியிருப்பேன். அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

முடிச்சை அவிழ்க்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் நெட்டையனைப் பிரித்தேன். கையைக் கழற்றினேன், காலைக் கழற்றினேன், இடுப்புத் துண்டை இரண்டாக்கி நூலுக்குள்ளிருந்து உருவினேன். எல்லாவற்றையும் துப்பட்டாவில் போட்டுக்கொண்டேன். கடைசியாக அந்த நீலக் கண்ணாடித் துண்டு கையில் இருந்தது. அடி வாங்கியவள் நான், எதை விடுவது என்பது என் பாடு. குங்குமத்தோடு அதை மறுபடி தொட்டிலில் வைத்தேன்.

“இது இங்கயே பாத்துக்கிட்டுக் கெடக்கட்டும். உங்களுக்குக் காத்திருக்கணும்னா இருங்க. நான் வேணாம்னு சொல்லல. ஆனா நான் வரமாட்டேன்,” என்றேன்.

திரும்பி வரும்போது திட்டவில்லை. அவர் முதுகில் சாயவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி ஆட்டம் நடந்தது. நெட்டையனை மறுபடி கட்டியிருந்தேன், நெற்றியில் மட்டும் ஒன்றும் மாட்டவில்லை. சாக்கில் கண்ணாடித் துண்டுகள் நிறையவே இருந்தன. வேவுப் பகடை இல்லாமலே ஆடினேன். கோபம் அப்படியேதான் இருந்தது. இரண்டாவது சுற்றிலேயே அவருடைய ரோபோவுக்குச் சரியான அடி விழுந்தது. முன்பு கையைக் கட்டி வைத்திருந்தாரே, அதேதான்.

“ஒன்னு கழட்டுங்க,” என்றேன்.

அவர் ரோபோவின் மேல் கையை வைத்தார். எடுக்கவில்லை. தோள் குலுங்கியது. முதலில் சிரிக்கிறார் என்று நினைத்தேன். அந்த இளநீல அறையில் பகடைகளின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தபோதுதான் தெரிந்தது. கீழ்வீடு வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று நான் எழுந்து போய்க் கதவைக்கூடச் சாத்தவில்லை.

வெகுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, “எதம்மா கழட்டுறது?” என்று கேட்டார்.

“அத நான் சொல்லக் கூடாதுங்க,” என்றேன்.