தண்ணீர் தாங்கும் என்றவர்

சைக்கிள் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. அதில் ஆறு பெஞ்சு, ஒரு கரும்பலகை, கழுத்தைத் திருப்பும்போதெல்லாம் முனகுகிற ஒரு மேஜை விசிறி. வாத்தியாரின் ராஜ்ஜியம் இவ்வளவுதான். வேலை முடிந்து வருகிற பெரியவர்களுக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லிக்கொடுப்பது அவர் தொழில். ஆள் ஒல்லி. குரல் மட்டும் கீழே பஞ்சர் ஒட்டுகிறவன் வரைக்கும் கேட்கும். அவன்கூட இரண்டு மூன்று வாக்கியம் இலவசமாகக் கற்றுக்கொண்டுவிட்டான்.

வாரத்துக்கு ஒரு வினைச்சொல் என்பது அவர் கணக்கு. அந்த ஒன்றைப் பிடித்து, துணியை உதறுவதுபோல் உதறி, ஒட்டியிருக்கும் அர்த்தமெல்லாம் உதிர்கிறவரை விடமாட்டார். அதற்குப் பிறகு எல்லோரும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். வாக்கியம் 'ஐ' என்று தொடங்க வேண்டும், உண்மையாகவும் இருக்க வேண்டும். இதில் மட்டும் மனுஷர் விட்டுக்கொடுக்கவே மாட்டார்.

"புத்தகத்து வாக்கியம் புத்தகத்தோட போயிடும். உங்க சொந்த வாக்கியம்தான் நாக்குல ஒட்டும்" என்பார்.

மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண் ஒருமுறை ஆசைக்கு, 'ஐ பாட் எ கார்' என்று சொல்லிவிட்டாள். "எந்தக் கார்? எங்க நிக்குது? கீழ சைக்கிளுங்கதானே நிக்குது?" என்று அவளை அழவைக்காத குறையாகக் கேட்டுவிட்டார். தையல்காரர் ஒருவர் அன்றைக்கன்றைக்கு வெட்டிய சட்டையைத் தவிர வேறெதையும் பற்றிப் பேசியதில்லை. அவர்தான் வாத்தியாருக்குப் பிடித்த மாணவர்.

கடைசி பெஞ்சில் உட்கார்கிறவரை எல்லோரும் 'லாரி' என்று கூப்பிட்டார்கள். லாரி ஓட்டுகிறவர், உடம்பும் அதற்கு ஏற்றாற்போலத்தான். சரக்கு ஏற்றிக்கொண்டு போனால் வீடு திரும்ப எத்தனையோ நாளாகும். போன தடவை வீட்டுக்குப் போனபோது அவருடைய சின்ன மகள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்றாளாம். லாரி இதைச் சிரித்துக்கொண்டேதான் வகுப்பில் சொன்னார். வேறு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதனால்தான் அவர் ஆற்றைக் கடக்கிற பயணிகள் படகில் வேலைக்கு மனுப் போட்டிருந்தார். அந்த வேலை கிடைத்தால் தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். அதற்கு இரண்டு தகுதி வேண்டும். இங்கிலீஷில் நாலு வார்த்தை பேச வேண்டும், நீந்தத் தெரிய வேண்டும். இரண்டும் அவரிடம் இல்லை.

அந்த வாரத்துச் சொல் 'ஸ்விம்'. வாத்தியார் பலகையில் ஸ்விம், ஸ்வாம், ஸ்வம் என்று மூன்றையும் எழுதிவிட்டு உற்சாகமாகத் திரும்பினார்.

"தண்ணியில நீந்துறது மட்டும்னு நினைச்சுடாதீங்க. தலை கிறுகிறுன்னு சுத்துதா? மை ஹெட் இஸ் ஸ்விம்மிங். காய்ல எண்ணெய் அதிகமாயிடுச்சா? காய் எண்ணெயில ஸ்விம் பண்ணுது. கண்ணு நிறையத் தண்ணி நின்னாலும் இந்தச் சொல்தான். ஊரே ஒரு பக்கம் போறப்ப நீங்க மட்டும் எதிர்ப்பக்கம் போனா அதுக்கும் இதுதான். பிழைச்சா பிழை, இல்லாட்டி போன்னு ஒருத்தரைத் தனியா விட்டுட்டா, சிங்க் ஆர் ஸ்விம்."

"சார், மரக்கட்டை கூடத் தண்ணியில போகுதே, அதுவும் ஸ்விம்மா?" என்று கேட்டார் தையல்காரர்.

"அது ஃப்ளோட். சும்மா கிடந்தா ஃப்ளோட். கைகாலை அசைச்சு நீங்களாப் போனாத்தான் ஸ்விம். அப்புறம், 'ஐ நோ ஸ்விம்மிங்'னு யாராவது சொன்னீங்க, வெளியில அனுப்பிடுவேன். 'ஐ கேன் ஸ்விம்'னு சொல்லணும்."

வகுப்பு சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் லாரி கையைத் தூக்கினார். "சார், நீங்க நீந்துவீங்களா?"

'ஐ கேனாட் ஸ்விம்' என்றிருந்தால் போதும். அதுவும் 'ஐ'யில்தான் தொடங்குகிறது, இலக்கணமும் சுத்தம், உண்மையும்கூட. ஆனால் அத்தனை முகமும் அண்ணாந்து பார்க்கிறபோது, அத்தனை அர்த்தமும் அள்ளி வீசிய வாயால், 'எனக்கு முடியாது' என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அவர் படித்த பழைய இலக்கணப் புத்தகத்தின் வாக்கியம் தானாக வந்து நாக்கில் நின்றது.

"ஐ ஸ்விம் எவ்ரி சண்டே."

ஒன்று சொன்ன பிறகு மற்ற இரண்டையும் விட முடியுமா? 'ஸ்வாம்' வைத்து நேற்றைக்கு ஒன்று, 'ஸ்வம்' வைத்து இதுவரைக்கும் ஒன்று என்று அதையும் சேர்த்துச் சொன்னார். ஆற்றைக் குறுக்கே நீந்திக் கடந்திருக்கிறாராம். சின்ன வயசிலிருந்தே நீச்சலாம். ஒரு பிழை இல்லை, ஒரு வார்த்தை நிஜமும் இல்லை. தலைக்கு ஒரு மக் தண்ணீர் ஊற்றினாலே கண்ணை இறுக மூடிக்கொண்டு மூச்சுத் திணறுகிற மனுஷர் அவர்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு லாரி பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. "சார், எனக்கும் சொல்லிக்கொடுங்க சார். வெளியில போய்க் கேட்டா, இந்த உடம்பை வெச்சுக்கிட்டா நீந்த வந்தீங்கன்னு சிரிக்கிறாங்க."

வாத்தியார் மென்று விழுங்கினார். காதில் சீழ் வைத்திருக்கிறது, தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். லாரியின் முகம் வாடியதைப் பார்த்ததும், "இங்கயே சொல்லித் தரேன். முதல்ல முறை தெரியணும், தண்ணியெல்லாம் அப்புறம்" என்று வாயை விட்டார்.

அன்றிலிருந்து வகுப்பு முடிந்ததும் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, லாரி அதன்மேல் குப்புறப் படுத்துக்கொள்வார். வாத்தியார் போனில் வீடியோ பார்த்து மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பார். கையை முன்னால் நீட்டு, தண்ணீரைப் பின்னால் தள்ளு, பக்கவாட்டில் திரும்பி மூச்சை இழு. பெஞ்சு கிரீச்சிடும். தையல்காரரும் மருந்துக்கடைப் பெண்ணும் சில நாள் நின்று கைதட்டிவிட்டுப் போவார்கள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், வாத்தியாருக்கு அதில் ஒரு பெருமைகூட வந்துவிட்டது. நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார்.

வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று கையைச் சுழற்றிக்கொண்டிருந்தவரை மனைவி பிடித்துவிட்டாள்.

"என்னங்க, ஈ ஓட்டுறீங்களா? கிளாஸ்ல ஆளே வரலியா?"

விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "ஏங்க, அந்த மனுஷன் நிஜமாவே தண்ணியில இறங்கிட்டா? போய் உண்மையைச் சொல்லிடுங்க."

"சொல்றேன், சொல்றேன்" என்றார். சொல்லவில்லை.

இதற்கிடையில் லாரி இங்கிலீஷ் நேர்காணலில் தேறிவிட்டார். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாராம். ஓடி வந்து வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "வாயே திறக்காதவனை இந்த ரூம்ல உக்கார வெச்சுப் பேச வெச்சுட்டீங்க சார். நீச்சலும் அப்படித்தான் வரும் பாருங்க." பாவம், அவர் நம்பியதிலும் ஒரு நியாயம் இருந்தது. நடுவில் ஒரு தடவை குளத்தில் இறங்கிப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தாராம், சரக்கு லோடு விடவில்லை. நீச்சல் பரிசோதனைக்கு முதல்நாள், "தண்ணியில பெஞ்சு இருக்காதே சார்?" என்று பயந்து கேட்டார்.

"முறை சரியா இருந்தா தண்ணி உங்களைத் தாங்கும்" என்றார் வாத்தியார்.

நகராட்சி நீச்சல் குளத்துக்கு அவரும் போக வேண்டியதாயிற்று. நீங்கள் பக்கத்தில் நின்றால் தைரியமாக இருக்கும் என்று லாரி விடாப்பிடியாகக் கூப்பிட்டார். நீல டைல்ஸ், மருந்து வாடை, வரிசையாக நிற்கும் பத்துப் பன்னிரண்டு ஆட்கள். லாரி தன் சட்டையையும் பேண்ட்டையும் மடித்து வாத்தியாரிடம் கொடுத்தார். விசில் அடித்ததும் ஆழமான பக்கத்தில் குதித்தார்.

குதித்தவர் மேலே வரவில்லை. ஒரு கை மட்டும் வெளியே வந்து, பெஞ்சில் பழகியதுபோலவே முன்னால் நீண்டு, மறுபடி உள்ளே போயிற்று. வாத்தியார் சட்டையையும் பேண்ட்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கால் நகரவில்லை. காப்பாற்றுங்கள் என்று கத்தக்கூட அந்தப் பெரிய குரல் வரவில்லை. குளத்தில் ஆளைக் காப்பாற்ற நிற்கிற காவலாளி குதித்து, லாரியின் தாடையைப் பிடித்து இழுத்து வந்தார்; இரண்டு பேர் சேர்ந்து அவரைத் தரையில் தூக்கிப்போட்டார்கள்.

லாரி வாந்தி எடுத்தார். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வந்தது.

"யாருய்யா இவருக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தது?" என்று காவலாளி கத்தினார்.

லாரி இருமிக்கொண்டே கையைத் தூக்கிக் காட்டினார். "சார்தான். என் வாத்தியார்."

காவலாளி வாத்தியாரை மேலும் கீழும் பார்த்தார். "நீச்சல் வாத்தியாரா? பக்கத்துலதானே நின்னீங்க? நீங்க ஏன் குதிக்கல?"

பதில் சொன்னது லாரிதான், அந்த நிலைமையிலும். "அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. சாருக்குக் காதுல சீழ். தண்ணி ஆகாது."

அந்த இடத்திலேயே தரை பிளந்து விழுங்கிவிடாதா என்றிருந்தது வாத்தியாருக்கு. வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். குளிக்கப் போனால் பக்கெட்டைப் பார்க்கவே கூசியது.

ஒரு வாரம் கழித்து லாரி வகுப்புக்கு வந்தார். உட்காராமல் நேரே பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்று, எல்லோரும் கேட்க இங்கிலீஷில் பேசினார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஐ ஆம் சாரி, சார். ஐ ஃபெயில்ட். பிறகு தாங்க முடியாமல் தமிழுக்கு வந்துவிட்டார்.

"நீங்க நல்லாத்தான் சொல்லிக்கொடுத்தீங்க. எனக்குத்தான் வரல. எல்லார் முன்னாடியும் உங்க பேரைக் கெடுத்துட்டேன். மன்னிச்சுடுங்க சார்."

வாத்தியார் சாக்பீஸை மேஜைமேல் வைத்தார்.

"எனக்கு நீந்தத் தெரியாது. ஒருநாளும் நீந்தினதில்ல. அன்னிக்கு நான் சொன்னது மூணும் பொய். காதுலயும் ஒண்ணுமில்ல."

லாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "என்னைத் தேத்துறதுக்காக இப்படியெல்லாம் சொல்றீங்க சார்."

"சத்தியமாத் தெரியாது."

"பாருங்களேன், எவ்வளவு பெரிய மனசு" என்றாள் மருந்துக்கடைப் பெண். தையல்காரர் எழுந்து நின்றே கும்பிட்டார். வாத்தியார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அவர் மதிப்பு ஏறிக்கொண்டே போயிற்று. பொய்யை ஒரே மூச்சில் நம்பியவர்கள் உண்மையை நம்ப மறுத்தார்கள். திருடனுக்கு மாலை போட்டதுபோல் கூனிக் குறுகிப்போனார் மனுஷர்.

மறுநாள் காலையில் லாரிக்கு அவரே போன் செய்தார். குளத்துக்கு வாங்க என்று மட்டும் சொன்னார்.

லாரி ஆசையோடு வந்தார், சார் காது குணமாகிவிட்டது என்ற நினைப்பில். வாத்தியார் இரவல் வாங்கிய கால்சட்டையோடு விலா எலும்பெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தார். லாரியை ஆழமில்லாத பக்கத்து ஏணிக்குக் கூட்டிப்போய், "இங்க நின்னு பாருங்க" என்றார். பின்பக்கமாகத் திரும்பி, ஒவ்வொரு படியாகக் காலை வைத்துத் தேடித் தேடி இறங்கினார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. அதற்கே அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. இரண்டு கையாலும் கம்பியை இறுக்கிப் பிடித்தார், பல் கிடுகிடுத்தது. அப்பால் சிறுமிகள் இரண்டு பேர் மார்பளவு தண்ணீரில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"கையை விடுங்க சார்" என்றார் லாரி மெதுவாக.

"முடியல."

"நின்னாலே தரை எட்டுமே சார்."

"தெரியுது. முடியல."

லாரி குனிந்து, அந்தக் கம்பியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார். வெளுத்துப்போயிருந்தன. பிறகு முகத்தைப் பார்த்தார். அந்தப் பயத்தை நடிக்க முடியாது. அதே பயத்தை இதே தண்ணீரில் அவர் அனுபவித்திருந்தார். லாரியின் கழுத்து நரம்பு புடைப்பதை வாத்தியார் பார்த்தார்.

"நான் செத்திருப்பேன்யா" என்றார் லாரி.

இத்தனை நாளில் 'சார்' போடாமல் அவர் வாத்தியாரிடம் பேசிய முதல் பேச்சு அது. வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். அவமானம் உச்சந்தலைவரை ஏறியது. ஆனாலும் கும்பிடு வாங்கியபோது நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இப்போது கொஞ்சம் இறங்கிய மாதிரியும் இருந்தது.

"என் பொண்ணு இன்னும் என்னை அப்பான்னே ஒழுங்காக் கூப்பிட ஆரம்பிக்கல. அதுக்குள்ள என்னைக் கொண்டுபோய்..." லாரி முடிக்காமலே திரும்பி நடந்தார். வாசலில் காவலாளியிடம் நின்று, ஒண்ணுமே தெரியாதவங்களுக்குக் காலையில் வகுப்பு உண்டா என்று விசாரித்தார். பெயரையும் எழுதிக்கொடுத்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

வாத்தியார் ஏணியில் ஏற வேண்டியிருந்தது. அதற்குக் கம்பியிலிருந்து ஒரு கையையாவது எடுக்க வேண்டும். எடுத்துப் பார்த்தார், மறுபடி பிடித்துக்கொண்டார். யாரும் கைகொடுக்க வரவில்லை. கைகொடுங்கள் என்று கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை.