கந்தஹாரில் சமைத்த மைக்கல்

கனடாப் பட்டாளத்தில் இருபது வருடம் இருந்தவன் என்றால் எங்கள் ஊர் பலாபத்வலையில் நம்புவார்கள். சமையல்காரனாக இருந்தான் என்றால் நம்ப மாட்டார்கள். மைக்கல் இங்கே குடிவந்த ஒரே மாதத்தில், அவன் ஆப்கானிஸ்தானில் பாரசூட்டில் குதித்தான் என்றும் காலுக்குள் இன்னும் ஒரு குண்டு கிடக்கிறது என்றும் கதை கட்டிவிட்டார்கள். கால் நொண்டுவது உண்மை. டொரோன்டோவில் பனியில் வழுக்கி விழுந்ததால் வந்த நொண்டல் அது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று நானும் விட்டுவிட்டேன்.

என் பெயர் ஸக்கரியா. தபால் கந்தோரில் முப்பத்தொரு வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன். மைக்கலும் நானும் மாத்தளையில் ஒரே வகுப்பில் படித்தோம். அவன் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பஸ்ஸில் வருவான். அவனுடைய அப்பா துரை பங்களாவில் அப்பு, அதாவது சமையல்காரர். ஏழரைக்கு மேசையில் முட்டை இருக்கும், பிந்தி வந்தால் துரைக்கே கிடையாது என்று அந்த மனிதர் பெருமையாகச் சொல்வார். மகனும் அப்படியே. மணியடிக்கும் முன்பே வகுப்பில் உட்கார்ந்திருப்பான். எனக்கும் ஓர் இடம் பிடித்து வைத்திருப்பான், வாய் நிறையத் திட்டும் வைத்திருப்பான்.

எண்பத்தெட்டில் கனடா போனான். சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான், ஷிரானியைக் கட்டினான், பிரஜாவுரிமை கிடைத்ததும் பட்டாளத்தில் சேர்ந்தான். உனக்கு ஏன்டா அந்த வேலை என்று ஒருமுறை கேட்டேன்.

"இருக்க இடம் குடுத்த நாடு மச்சான். எனக்குத் தெரிஞ்சது சமையல். அதைச் செஞ்சு குடுத்தேன்" என்றான்.

முதலில் பொஸ்னியா. பிறகு, நாற்பத்தொரு வயதில், கந்தஹார். அங்கே நடந்ததென்று அவன் எனக்குச் சொன்னதெல்லாம் சாப்பாட்டுக் கதைகள்தான். கூடாரத்துக்குள் சமையலறை, பாத்திரத்தைத் திறந்தால் மண், வெளியே ஐம்பது பாகை வெயில். ஷிரானி டொரோன்டோவிலிருந்து மிளகாய்த்தூளும் மாசிக்கருவாடும் காய்ந்த தேங்காய்ப்பூவும் பார்சலில் அனுப்புவாள். தேங்காய்ப்பூவை வெந்நீரில் ஊறவைத்து அவன் சம்பல் இடிப்பான். வெள்ளைக்காரப் பையன்கள் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வடியப் பாணோடு தின்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடு மைக் என்று தட்டை நீட்டுவார்களாம். இதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகவே நான் பின்னேரங்களில் அவன் வீட்டுக்குப் போவேன். வயது போன காலத்தில், ஒருவன் தன் நல்ல நாட்களைச் சொல்லக் கேட்டால் நம்முடையதும் கூடவே வந்துவிடுகிறது.

ஷிரானி காலமான பிறகுதான் அவன் திரும்பி வந்து, எனக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று பலாபத்வலையில் வீடு வாங்கினான். வந்ததிலிருந்து ஒவ்வொரு செப்டெம்பரிலும் ஒரு நாள், பஸ் தரிப்பிடத்தில் மேசை போட்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காலைச் சாப்பாடு கொடுப்பான். ரொட்டி, சம்பல், அவித்த முட்டை. சிங்களச் சனங்கள் அதைத் தங்கள் வெசாக் அன்னதானம்போல் தன்சல் என்றார்கள். நான் வஹகோட்டை அந்தோனியார் கோயிலுக்கு வைத்த நேர்த்திக்கடன் என்று நினைத்தேன். ஒருவரின் நேர்த்தியை ஏன் எதற்கு என்று கிண்டுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. ஆறு வருடம் பக்கத்தில் நின்று முட்டை உரித்தேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த வருடம் ஜூலையில் கனடாவிலிருந்து அவனுக்கு ஒரு செய்தி வந்தது. எழுதியவர் டோரின் என்ற அம்மா. கந்தஹாரில் இறந்த ட்ரெவர் என்ற பையனின் தாய். மகன் கடைசியாக எழுதிய கடிதத்தில் மைக்கின் சம்பலைப் பற்றியே ஒரு பக்கம் இருந்ததாம். அதை ஒருமுறை சாப்பிட்டுப் பார்த்து, மைக்கலுக்கு நன்றி சொல்ல வேண்டும், மகன் இறந்த அதே நாளில் வருகிறேன் என்று எழுதியிருந்தார். மைக்கல் செப்டெம்பரில் சாப்பாடு கொடுக்கும் நாளும் அதுதான்.

"நல்ல விசயம்தானே" என்றேன்.

மைக்கல் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தான்.

"அன்னைக்குக் காலைச் சாப்பாட்டுக்கு அவன் பிந்தி வந்தான் மச்சான். நான் எல்லாத்தையும் எடுத்து வச்சு மூடிட்டேன். அந்த வெயில்ல சாப்பாட்டைத் திறந்து வச்சிருக்கக் கூடாதுன்னு சட்டம். ரெண்டு முட்டை மட்டும் போடு மைக்னு கேட்டான். அடுப்பு சூடாத்தான் இருந்துச்சு. போட்டிருக்கலாம். நேரம்னா நேரம், ராத்திரிக்கு வா, ரெண்டு பங்கு தாறேன்னு சொல்லிட்டேன். சிரிச்சுக்கிட்டே போய் வண்டியில ஏறினான். பத்து மணிக்கு ரோட்டுல குண்டு வெடிச்சிருச்சு. நம்ம வீடுகள்ல பசியோட வந்தவனை அப்பிடி அனுப்புவாங்களா?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பதினெட்டு வருடம் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, எனக்கு வெறும் சம்பல் கதை சொல்லியிருக்கிறான்.

"ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்றேன். "அந்த மனிசி சம்பலத் தின்டுட்டு சந்தோசமாப் போகட்டும். ஒன்னப் பொய் சொல்லச் சொல்லல்ல. வாயத் தொறக்காம இரு. அது போதும்."

"அவங்க எனக்கு நன்றி சொல்லுவாங்க. அதை நான் எப்பிடி வாங்குறது?"

கோபத்தில் எழுந்து வந்து, இரண்டு நாள் அவன் வீட்டுப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அவனே வந்து, அன்றைக்கு நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டான். மாட்டேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த நாளும் வந்தது. பஸ் தரிப்பிடத்தில் சாப்பாடு கொடுத்து முடித்து, மைக்கல் வீட்டில் திரும்பவும் தேங்காய் துருவினான். கண்டியிலிருந்து வந்த வேனிலிருந்து டோரின் அம்மா மெல்ல இறங்கினார். எழுபத்தாறு வயது, நல்ல உயரம், கொஞ்சம் கூன். யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ரொட்டியையும் சம்பலையும் எங்களைப் பார்த்துப் பார்த்துக் கையாலேயே சாப்பிட்டார். உறைப்பில் கண் கலங்கி, மகன் எழுதியதில் பொய்யில்லை என்று சிரித்தார். எனக்கு அந்த அம்மாவை நன்றாகப் பிடித்துவிட்டது. இவன் வாயைத் திறக்கக் கூடாதே என்று உள்ளுக்குள் துஆ கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டு முடித்து, கை துடைத்து, "நான் உங்களுக்கு நன்றி சொல்லத்தான்..." என்று அவர் தொடங்கினார். மைக்கல் எழுந்துவிட்டான். மேலதிகாரிக்கு முன் நிற்பது போல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூடிய சாப்பாடு, சூடான அடுப்பு, கேட்ட இரண்டு முட்டை என்று எல்லாவற்றையும் சொன்னான். எதையும் குறைக்கவில்லை, தனக்காக ஒரு நியாயமும் சேர்க்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு அந்த அம்மா கேட்டார். ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"எவ்வளவு நேரம் பிந்தினான்?"

"பத்து நிமிஷம்."

"பத்துத்தானா?" என்றார். "வீட்டில் ஒரு மணித்தியாலத்துக்குக் குறைந்து ஒரு நாளும் பிந்த மாட்டான். எத்தனையோ நாள் நானும் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டுப் படுத்திருக்கிறேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது.

"பத்து நிமிடமென்றால், உங்கள் சாப்பாட்டுக்கு ஓடித்தான் வந்திருக்கிறான்."

மைக்கல் அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தான்.