ஸ்ட்ராங்லி என்ற பட்டப்பெயர்

ஆங்கிலத்தில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட சொல் ஒன்றே ஒன்றுதான். ஸ்ட்ராங்லி. கற்றுக்கொடுத்தது வாத்தியார் அல்ல, வயிற்றெரிச்சல்.

எழுபதுகளில் கோவில்பட்டியில் ஒன்பதாம் வகுப்பு படித்தேன். ஏமாற்றிக்கொண்டே இருந்த மழை அந்த ஐப்பசியில்தான் கரிசலில் இறங்கியது. மறுநாள் ஆங்கில வாத்தியார் ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னார். 'நேற்று பலமாக மழை பெய்தது' என்பதை நான் 'இட் ரெயின்டு ஸ்ட்ராங்லி' என்றேன். பலத்துக்கு ஸ்ட்ராங் என்று படித்த தைரியம். நமக்குப் பலமாக என்றால் எல்லாவற்றுக்கும் ஆகும். மழையும் பலமாகப் பெய்யும், விருந்தும் பலமாக இருக்கும், ஆளும் பலமாகச் சிரிப்பான்.

"உங்க ஊரு மழை என்ன பயில்வானாலே? தண்டால் எடுக்குமோ?" என்றார் வாத்தியார். வகுப்பே உருண்டு சிரித்தது. அத்தோடு விட்டாரா? மறுபடி மழை பிடித்ததும், "வெளிய போய் நில்லு. எம்புட்டு பலம்னு பாத்துட்டு வா" என்று மணியடிக்கும் வரை மைதானத்தில் நிறுத்தினார். சரியான சொல் எது என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. அன்றிலிருந்து என் பெயர் ஸ்ட்ராங்லி. என் கல்யாணப் பந்தியில்கூட ஒருவன் அப்படித்தான் கூப்பிட்டான்.

பிறகு தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். சாயங்காலம் கேரம் ஆட ஒரு மன்றத்தில் உறுப்பினரானேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. புது ஆளைச் சேர்க்கும்போது யாராவது 'ஐ அப்ஜெக்ட்' என்றால் பேசிச் சமாதானம் செய்வார்கள். 'ஐ ஸ்ட்ராங்லி அப்ஜெக்ட்' என்றால் காரணமே கேட்கமாட்டார்கள், அந்த ஆள் சேர முடியாது. எதிர்ப்பது, நம்புவது, சந்தேகப்படுவது என்று மனசு அழுத்தமாகச் செய்கிற காரியங்களோடுதான் அந்தச் சொல் சேரும் என்று அங்கேதான் புரிந்தது. மழைக்கு ஹெவிலி. இதைச் சொல்லித்தர வாத்தியாருக்கு அரை நிமிஷம் ஆகியிருக்காது.

எண்பதுகளில் வாத்தியார் ஓய்வு பெற்றார். வீட்டில் பொழுது போகவில்லை என்று எங்கள் மன்றத்தில் சேர ஆசைப்பட்டார். சலவை வேட்டி கட்டிக்கொண்டு கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"யாருக்கும் ஆட்சேபணை உண்டா?" என்று தலைவர் கேட்டார்.

எழுந்தேன். "ஐ ஸ்ட்ராங்லி அப்ஜெக்ட்."

வாத்தியார் திரும்பிப் பார்த்தார். அடையாளம் தெரியக் கொஞ்சநேரம் பிடித்தது. "ஏலே, நீயா?"

"நாந்தான் சார். இப்ப சரியாச் சொல்லுதேனா?"

எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். தப்பு என்று சொல்ல நாக்கு துடித்திருக்கும். ஆனால் ஆங்கில வாத்தியாராயிற்றே.

"சரிதான்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அவரிடம் படித்த காலமெல்லாம் சேர்த்து, அவர் எனக்குப் போட்ட ஒரே சரி அதுதான்.