உதட்டால் எண்ணியது

பதுளையில் என் வீட்டு முன்னறையில் பியானோ சொல்லிக் கொடுக்கிறேன். போன வருடம், ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தியைப் பண்டாரவளையில் நடந்த மாஸ்டர் கிளாஸுக்கு அழைத்துப் போனேன். கொழும்பிலிருந்து வந்த பியானோ கலைஞர் ஒருவர், பிள்ளைகள் வாசிப்பதை எல்லோர் முன்னிலையிலும் கேட்டுத் திருத்துவார். பியானோவும் ஓர்கெஸ்ட்ரா என்ற வாத்தியக் குழுவும் மாறி மாறி வாசிக்கும் கன்சேர்ட்டோ ஒன்றின் முதல் பகுதியை இவள் வாசிக்க வேண்டும். ஓர்கெஸ்ட்ரா வாசிக்கும் பகுதியை அவரே இன்னொரு பியானோவில் வாசிப்பார்.

அந்த ஓர்கெஸ்ட்ராப் பகுதியை நான் அவளுக்கு வாசித்துக் காட்டியதே இல்லை. என் விரல்களுக்கு அது வராது. அந்த இடங்கள் வரும்போது பக்கத்தில் நின்று, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணுவேன். நான் தலையசைத்ததும் அவள் தொடங்குவாள். மாதக்கணக்கில் அப்படித்தான் பழகினோம்.

மண்டபத்தில் அவர், தொடக்கத்தில் வரும் ஓர்கெஸ்ட்ராப் பகுதியை வாசித்து முடித்தார். அவள் கைகள் மடியிலேயே கிடந்தன. அவர் மறுபடி வாசித்தார். அவள் திரும்பி என்னைத் தேடினாள். நான் யோசிக்காமல் உதட்டை அசைத்து எண்ண ஆரம்பித்தேன், தலையையும் ஆட்டினேன்.

அவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"டீச்சர் எண்ணிக்கொண்டிருந்தால் பிள்ளை எப்போது கேட்கும்?" என்றார் ஆங்கிலத்தில். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் மண்டபம் சிரித்தது. கீழே விழாத கைப்பையை எடுப்பதுபோல் குனிந்துகொண்டேன். காதெல்லாம் சுட்டது.

பிறகு, தான் வாசித்த ஓர்கெஸ்ட்ரா மெட்டைத் தன்னோடு சேர்ந்து பாடும்படி அவளிடம் சொன்னார். கூச்சத்தோடு பாடினாள். அடுத்த தடவை யாரையும் பார்க்காமல் சரியான இடத்தில் தொடங்கினாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தலை மட்டும் நிமிரவில்லை.

அன்று கொழுந்து பறிக்கப் போகாமல் வந்திருந்த அவள் அம்மா என் பக்கத்தில் இருந்தார்.

"என்னா டீச்சர், புள்ளய ஏசுனாரா?"

"இல்லக்கா, என்னயத்தான் சொன்னாரு."

"ஒங்களயா? நீங்க எம்புட்டுப் பாடுபட்டீங்கன்னு அவருக்கு என்னா தெரியும்!"

அந்தச் சிரிப்பைவிட இதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

திரும்பும் ரயிலில் அவள் ஜன்னலோரம் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

"எனக்கும் ஒருக்கா பாடிக் காட்டு" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். "டீச்சருக்குத் தெரியாதா?"

"தெரியாது."

அவள் அம்மா சட்டென்று வெளியே பார்க்கத் தொடங்கினார். அவளோ சிரிப்பை நிறுத்திவிட்டு, மெதுவாக முதலிலிருந்து பாடினாள்.