தட்டைத் தெருவில் பதினெட்டுப் படி

நகரசபையில் கட்டுமான வேலைகளுக்குச் செலவு மதிப்பீடு எழுதுகிற குமாஸ்தா அவர். ஆபீசில் அவருக்கு 'நகல்' என்றுதான் பேர். இருபத்திரண்டு வருஷமாகப் பழைய மதிப்பீடு ஒன்றை எடுப்பார், தெருப் பேரை மாற்றுவார், கையெழுத்துக்கு அனுப்புவார். இந்தப் பெரிய வேலைக்கு ஒரு சுழல் நாற்காலி வேறு.

அவர் தங்கை வீட்டுக்குள் ஒவ்வொரு மழைக்கும் முழங்கால் தண்ணீர். "ஒரு வடிகால் போட்டுக் குடுங்கண்ணா" என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்துப் போனது. வருஷக் கடைசியில், செலவழிக்காத நிதி திரும்பிப் போய்விடும் என்றதும்தான் அண்ணனுக்குப் பாசம் பொங்கியது. மேலே வடிகால் என்று தலைப்புப் போட்டார். உள்ளே அவசரத்தில் பார்த்து எழுதியதோ மேட்டுத் தெருவுக்குப் படிக்கட்டு கட்டிய மதிப்பீடு. ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். படித்த புண்ணியவான் ஒருத்தர்கூட இல்லை.

மேசை மாதிரி தட்டையான தெருவில், தங்கை வாசலுக்கு எதிரே, பதினெட்டுப் படி எழும்பியது.

"இது எதுக்குப்பா?"

"அனுமதி இதுக்குத்தாம்மா வந்திருக்கு" என்றார் மேஸ்திரி. "கட்டலைன்னா எங்களுக்குக் கூலி வராது."

அடுத்த மழைக்கு நகல் குடையோடு ஓடினார். பாய், பாத்திரத்தோடு தங்கை உச்சிப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"மேல வாங்கண்ணா. நீங்க கட்டினதுல மட்டும்தான் தண்ணி ஏறலை."

"கோவிச்சுக்காதேம்மா. அடுத்த வருஷம் இதை இடிக்க மதிப்பீடு போடறேன்."

"அதை எதைப் பார்த்து எழுதுவீங்க? என் வீட்டை இடிச்சுட்டுப் போயிடப் போறாங்க."

நகல் குடையோடு படியேறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.