கிளி அசையாத பாட்டு

காலை ஆறரைக்குத் தேனியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எனக்கு எரிச்சல். ‘தகரம்’ என்ற பங்க் ராக் இசைக்குழுவின் முதல் ஆல்பம் வெள்ளிக்கிழமை வெளிவருகிறது. குழு பிறந்த ஊருக்குப் போய் அறிமுகக் கட்டுரை எழுதித்தரக் கேட்ட, ஆல்பத்தை வெளியிடும் சென்னைக் கம்பெனியே, என்ன எழுத வேண்டும் என்றும் போனில் அனுப்பிவிட்டது: ‘எங்கள் ஸ்டுடியோவில் பிறந்த சத்தம்.’ பிறகு நான் எதற்குப் போகிறேன், திராட்சை தின்னவா?

சின்னமனூர் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. வீரபாண்டி தாண்டியதும் வாழையும் வயலும், மேற்கே மலை. சின்னமனூரில் பதினைந்து ரூபாய்க்கு டீ. அங்கிருந்து ஓடைப்பட்டிக்கு ஆட்டோ, இருநூற்றைம்பது.

“யாரைப் பாக்க சார்?” என்றார் ஆட்டோக்காரர்.

“பாட்டுப் பாடுற முத்துச்செல்வி.”

“அது பாட்டுன்னு யாரு சொன்னாக? அந்தப் புள்ள தோட்டத்துல கத்துனா எங்க தெருவுக்குக் கேக்கும்.” சொன்ன விதத்தில் பெருமை வழிந்தது.

திராட்சைப் பந்தலுக்கடியில் முத்துச்செல்வியும் தம்பி பாண்டியும் இருந்தார்கள். குழுவே இந்த இரண்டு பேர்தான். அவள் தகர டின்னும் குரலும், அவன் கிட்டார். மூன்று வருஷத்துக்கு முன் காற்றில் பந்தல் வலை கிழிந்துபோக, கிளிகள் பழத்தில் இறங்கின. விரட்டுவதற்காக டின் அடித்துக் கத்துவதைப் பதிவு செய்து, கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் ஓடவிட்டார்கள்.

“மூணு நாள் பறந்துச்சுக. நாலாம் நாள் அந்த ஸ்பீக்கர் மேலயே உக்காந்து தின்னுச்சுக, திமிரு புடிச்சதுக!” என்றாள் முத்துச்செல்வி.

அதன்பிறகுதான் அடியை மாற்றினாள். ஒன்றை விட்டாள், ஒன்றைத் தள்ளி அடித்தாள், எதிர்பாராமல் கத்தினாள். அந்தக் குழாய் ஸ்பீக்கரிலேயே பாண்டி கிட்டார் ஒயரைச் செருகினான். ‘தகரம்’ பிறந்தது அங்கேதான்.

ஆல்பத்துக்காகக் கம்பெனி அந்தத் தாளத்தை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல நேராக்கியிருந்தது. கம்பெனி அனுப்பியதைப் பாண்டி போனில் போட்டுக் காட்டியபோது எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

“விடுக்கா. மொத ஆல்பம் வெளிய வரட்டும். இத விட்டா நம்மள யாரு தேடி வருவாக?” என்றான் பாண்டி.

“ஏலே, சும்மா இரு. இதுல நம்ம பேரு மட்டுந்தான் இருக்கு, நாம எங்க இருக்கோம்?”

அங்கேயே கம்பெனிக்குப் போன் போட்டு, நாங்களும் கேட்க ஸ்பீக்கரில் வைத்தாள்.

“தாளம் ரசிகர்களுக்குப் பிடிபடணும் மேடம்,” என்றது ஓர் இளைஞனின் குரல்.

“பிடிபடக்கூடாதுன்னுதான்யா அடிக்கிறதே!”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, கோபத்தில். பாண்டி, கம்பெனி அனுப்பிய பாட்டைக் குழாய் ஸ்பீக்கரில் போட்டான். கிளிகள் வந்தன. முதலில் கம்பியில் உட்கார்ந்து பார்த்தன. இரண்டாவது சரணத்தில் பழத்தில் வாய் வைத்தன. சாவகாசமாக, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி.

பாண்டி பாட்டை நிறுத்தினான். “நீ சொன்னதுதான் சரிக்கா.”

அவள் டின்னை எடுத்து இரண்டு அடி அடித்து, நிறுத்தி, யாரும் எதிர்பாராத நேரத்தில் மூன்றாவதை அடித்தாள். கிளிக்கூட்டம் மொத்தமும் எழும்பியது. எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. இன்னும் இணைப்பில் இருந்த போனை எடுத்துச் சொன்னாள்: “நாங்க தோட்டத்துல பதிஞ்ச பழசையே போடு. இல்லேன்னா எங்க பேரையும் என் குரலையும் எடுத்துரு.”

சாயங்காலம் திரும்பும் வழியில் கம்பெனி எழுதிக்கொடுத்ததை அழித்தேன். இந்த இசை ஓடைப்பட்டியில், கிளிகள் மேல் வந்த கோபத்தில் பிறந்தது என்று எழுதி அனுப்பினேன். அவர்கள் அதைப் போடவில்லை. போடுவார்களா என்ன!

வெள்ளிக்கிழமை ஆல்பம் வந்தது. தகரம் என்ற பெயர் இல்லை, அவள் குரலும் இல்லை. அதே மெட்டு, யாரோ ஒருத்தி பாடியிருந்தாள். வெட்கங்கெட்டவர்கள். சென்னையில் என் பால்கனிக் கம்பியில் எப்போதும் புறாக்கள் உட்கார்ந்திருக்கும். சத்தமாகவே போட்டேன். ஒன்றுகூட அசையவில்லை.

அன்றைக்கே அக்காவும் தம்பியும் தோட்டத்தில் போனில் பதிந்த பழைய பாட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். பால்கனியில் அதையும் போட்டேன். மூன்றாவது அடிக்குக் கம்பி காலி.